பொருள்: சோறு வெந்ததும் தானாக நிற்கும் சுவிட்சுக்கு என்ன பெயர்?

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். வீட்டுச் சாதனங்களின் வரலாறு பற்றிய சிறுவர் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மின் அரிசிக் குக்கர் அத்தியாயத்தில் ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை.

சூழலைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் 1945இலேயே மிட்சுபிஷி நிறுவனம் மின்சாரத்தில் சோறாக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்துவிட்டது. ஆனால் பக்கத்திலேயே நின்று பார்த்து, பதம் வந்ததும் நாமே நிறுத்த வேண்டும். விறகு மிச்சமே தவிர, ஆக்குகிறவருக்கு அடுப்பங்கரையை விட்டு நகர முடியாது. 1955 டிசம்பரில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த குக்கர்தான் தானாக நின்றது. வடிவமைத்தவர் மினாமி யோஷிதாதா. வீட்டில் திரும்பத் திரும்பச் சோறாக்கிப் பதம் பார்த்து எழுதி வைத்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. பாத்திரத்துக்குள் பாத்திரம்; வெளிப் பாத்திரத்தில் ஒரு குவளை நீர். அது ஆவியாகி முடிய ஏறக்குறைய 20 நிமிடம். நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது, வற்றியதும் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில், சூட்டில் வெவ்வேறு அளவில் நீளும் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தை வெட்டிவிடும்.

பட்டைக்குப் பெயர் இருக்கிறது. அந்த வெட்டும் அமைப்புக்கு? மூலத்தில் தெர்மோஸ்டாட் என்று இருப்பதால் 'வெப்பநிலைநிறுத்தி' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அக்கா, மனம் ஒப்பாதது சரிதான். வெப்பநிலையை நிறுத்தி வைப்பது இஸ்திரிப் பெட்டியின் வேலை. சூடு கூடினால் வெட்டும், குறைந்தால் மறுபடி சேர்க்கும். துணி தேய்த்து முடிக்கும்வரை அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணையும். குக்கரில் ஒரே ஒரு தடவை வெட்டு. மறுபடி நாம் அழுத்தினால்தான் சேரும். ஒரே பெயர் வைத்தால் என் மாணவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்று நம் வீடுகளில் இருக்கும் சாதாரணக் குக்கரில் அந்தப் பட்டைக்குப் பதில் காந்தம்தான். உள்பாத்திரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். சூட்டுத்தட்டின் நடுவில் ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய, ஸ்பிரிங் வைத்த குமிழ் இருக்கும், விரலால் அமுக்கினால் உள்ளே போகும். அதற்குள் ஃபெரைட் வில்லை, அதாவது காந்தம் ஒட்டக்கூடிய இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் போன்ற பொருள். சுவிட்சைக் கீழே தட்டும்போது அடியில் இருக்கும் காந்தம் எழும்பி அந்த வில்லையில் ஒட்டிக்கொள்ளும். 103 டிகிரி வாக்கில் ஃபெரைட் தன் காந்த ஈர்ப்பை இழக்கும், ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே தள்ளும், 'டக்'கென்று சத்தம் வரும். பிரெஞ்சு இயற்பியலர் பியர் கியூரி 1895இல் ஆராய்ந்து எழுதிய விஷயம்தான் இது. குமிழின் மேல் ஒரு பருக்கை ஒட்டியிருந்தால் சூடு கணக்குத் தவறி, சோறு அரைவேக்காட்டிலேயே நின்றுவிடவும் கூடும். எங்கள் பக்கத்து ரிப்பேர் கடையில் இதற்குப் பெயர் 'மேக்னட்', சில கடையில் 'கட்ஆஃப்'. எனவே பட்டை, உலோகம் என்று எதையும் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம். செய்யும் வேலையைச் சொல்லுங்கள். 'வெப்பவெட்டி' போதுமே?

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியை:

வெட்டி என்று முடிந்தால் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பினம். சுவிட்சுக்கு எங்களிடம் 'ஆளி' என்ற சொல் பாடநூலில் நெடுங்காலமாக இருக்கிறது. சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மின்சாரத்தை ஆள்வதால் ஆளி. 'வெப்ப ஆளி' என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பர்களே, முதலில் 'ஈருலோகம்'. உயிர் வருவதால் 'இரண்டு' ஈர் ஆனது முறைதான். ஆனால் உலோகம் வடசொல். மாழை என்று நமக்கு ஒரு சொல் இருக்கையில் 'இருமாழைப் பட்டை' என்பதில் என்ன தடை?

அடுத்தது சுவிட்சு. 'அவி' என்ற வேரை யாரும் நினைக்கவில்லையே என்று வியப்பாக இருக்கிறது. அவித்தல் என்றால் வேகவைத்தல். கிழங்கை அவிக்கிறோம், நெல்லை அவிக்கிறோம். அவித்தல் என்றால் அணைத்தலும், அடக்கலும்கூட. 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்கிறது குறள். வேகவைப்பதும் அடங்கச் செய்வதும் ஒரே சொல்லாக இருக்கும் மொழியில், வெந்ததும் அடங்கும் கருவிக்கு வேறு சொல் எதற்கு? தன் + அவிப்பி. தனிக்குறில்முன் ஒற்று உயிர் வந்தால் இரட்டும் என்ற விதிப்படி 'தன்னவிப்பி'. அந்தக் குறளில் 'பொறி'யும் இருக்கிறது, பாருங்கள். பொறி என்றால் புலன், பொறி என்றால் எந்திரம்.

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் இட்லியை அவிப்போம், சோற்றை ஆக்குவோம், வடிப்போம். 'தன்னவிப்பி' என்றால் தானே இட்லி அவிக்கும் எந்திரம் என்றுதான் பத்து வயதுப் பிள்ளை நினைக்கும். அதோடு அவி வேள்வியில் இடும் உணவு அல்லவா, அது வடசொல்தானே?

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அது வேறு, இது வேறு. குறளில் 'அவியுணவின் ஆன்றார்' என்ற இடத்து அவி வடமொழியிலிருந்து வந்த பெயர்ச்சொல். அவிதல், அவித்தல் தமிழ் வினை. அவியல், அவிச்சல் எல்லாம் அதன் பிள்ளைகள். 'ஆவி'யும் இதே குடும்பம் என்பது என் கருத்து. அவிவதால் எழுவது ஆவி. புழுக்கம், வேக்காடு என்ற சொற்களையும் சேர்த்து எழுத நிறைய இருக்கிறது. தனி மடலில் விரிக்கிறேன்.

யாழ்ப்பாணம், இயற்பியல் ஆசிரியை:

ஐயா, விளக்கை அவிக்கிறது என்று பழைய ஆட்கள் சொன்னாலும், இன்றைக்குப் பிள்ளைகள் 'நூர்' அல்லது 'அணை' என்றுதான் சொல்லுகினம். அணை எல்லா ஊருக்கும் பொது. தானுந்து போல 'தானணை' என்று வைக்கலாமே? தானணை ஆளி.

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

தானணை நன்றாக இருக்கிறது. ஆளிதான் உதைக்கிறது. இங்கே ஆளி என்றால் ஆளிவிதை. கோயில் தூணைப் பார்த்தவருக்கு யாளி. 'தானணைச் சுவிட்ச்' என்று வைத்துக்கொள்வோம்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'தானணை' வினைத்தொகை. அங்கே வல்லினம் மிகாது. 'தானணை சுவிட்சு' என்று எழுதுங்கள். தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆனால் நான் இந்தச் சொல்லை ஏற்கவில்லை. அணைத்தல் தழுவுதலும் ஆகும், அணை நீரைத் தடுப்பதும் ஆகும். மூன்று பொருளுக்கு நடுவே பிள்ளை தடுமாறும்.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, 'விளக்கை அணை' என்று கேட்டு எந்தப் பிள்ளையும் விளக்கைத் தழுவியதில்லை. சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்த்தால்தான் மூன்று பொருள். வரிக்குள் வைத்தால் ஒன்றுதான். என் வரி இது: "வெளிப் பாத்திரத்து நீர் வற்றியதும் தானணை சுவிட்சு மின்சாரத்தை நிறுத்தியது." அதே இடத்தில் 'தன்னவிப்பி'யை வைத்துப் பார்த்தேன், கீழே விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. ஃபுமிகோவின் சோதனைகளைச் சொல்ல வேண்டிய பக்கத்தில் குறள் உரை எழுத எனக்கு இடமில்லை.

தானணைக்கு மூவர் ஒப்பியிருக்கிறோம். ஈருலோகப் பட்டை அப்படியே இருக்கட்டும். பள்ளியில் அதைத்தான் படிக்கிறார்கள். இலங்கைப் பதிப்பு வந்தால் 'தானணை ஆளி' என்று மாற்றிக்கொள்ளலாம், வரியின் மற்ற எதையும் தொட வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் 'வெப்பநிலைநிறுத்தி'யை வைத்துக்கொள்கிறேன்.

கோவை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

சரி. அந்த இடத்தில் ஒரு வரி சேர்க்க முடிந்தால், ஸ்காட்லாந்து வேதியியலர் ஆண்ட்ரூ யூர் 1830இல் ஈருலோகப் பட்டையை வைத்துத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றதைச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் என்ற சொல்லும் அவருடையதுதான். அதற்கும் முன்னால், 18ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர் ஜான் ஹாரிசன் அந்தப் பட்டையைத் தன் கடல் கடிகாரத்தில் வைத்திருந்தார். கடிகாரத்துக்காகப் பிறந்த பட்டை சோற்றுப் பாத்திரத்துக்கு வந்தது என்று தெரிந்தால் பிள்ளைகள் விடாமல் படிப்பார்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மை முடிவை மதிக்கிறேன். என் மறுப்பையும் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த அத்தியாயம் மின் கெண்டி என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதில் நீர் கொதித்து எழும் ஆவிதான் பட்டையைச் சுட்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. ஆவியால் அவிவது. அங்கே கிழங்கும் இல்லை, இட்லியும் இல்லை, பிள்ளை குழம்புவதற்கு. அந்த ஓரிடத்திலாவது 'தன்னவிப்பி'யைப் போட்டுப் பாருங்கள், அம்மா. வெள்ளிக்குள் சந்தி பார்த்துத் தருவது என் பொறுப்பு.