சம்பளம் நெருங்கியது, சொத்து நெருங்கவில்லை: மலேசியத் தமிழர், சீனர் குடும்பங்களில் நாங்கள் கண்டவை

ஷா ஆலம் வங்கிக்காரர்

மலேசியாவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. சீனரும் கப்பலேறி வந்தவர்கள்தான், நாமும் கப்பலேறி வந்தவர்கள்தான். அவர்கள் எங்கே, நாம் எங்கே? உடனே ஒருவர் கள்ளுக்கடையைக் காரணம் சொல்வார். இன்னொருவர் நமக்குள் ஒற்றுமை இல்லை என்பார். வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பிழைப்பைத் தேடி என் மேசைக்கு வந்தவர்களில் எந்த இனத்தானும் சோம்பேறியாக இருந்ததில்லை.

ஒரு முறை பழைய லாரி வாங்க இரண்டு இளைஞர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மனு கொடுத்தார்கள். ஒருவர் ஜிஞ்சாங் புதுக்கிராமத்துச் சீனர். மற்றவர் பந்திங் பக்கம் தோட்டத்தில் பிறந்த தமிழர். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, லாரி ஓட்டிய அனுபவம் உண்டு, சம்பளமும் பக்கத்துப் பக்கத்தில்தான். சீனப் பையனின் கோப்பில் தாத்தா காலத்து வீட்டுமனைப் பத்திரம் இருந்தது. இரும்புச் சாமான் கடை வைத்திருந்த மாமா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். தமிழ்ப் பையனின் கோப்பில் சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமநிதி அறிக்கை, அவரைப் போலவே கூலிக்குப் போகும் சித்தப்பா மகனின் ஜாமீன். முதல் மனு தடங்கலில்லாமல் போயிற்று. இரண்டாவது மனுவுக்கு ஆதரவாக நான் தனிக் குறிப்பே எழுதினேன். ஈடு போதாது என்று மேலிடம் திருப்பி அனுப்பிவிட்டது.

அந்தப் பத்திரம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கம்யூனிஸ்டுகளோடு பிரிட்டிஷ் அரசு போரிட்ட அவசரகாலத்தில், 1950இல் தொடங்கிய, பிரிக்ஸ் என்ற இராணுவ அதிகாரியின் திட்டத்தின் கீழ், காட்டோரங்களில் குடியிருந்த ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேரைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். பெரும்பாலானவர்கள் சீனர்கள். முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக்கூடக் கட்டுப்பாடு. கொடுமைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலி போன பிறகு மனை அவர்களிடம் நின்றது. பல இடங்களில் அது நீண்ட காலக் குத்தகைப் பத்திரமாக மாறியது. பக்கத்துப் பட்டணம் வளர வளர மனையின் மதிப்பும் வளர்ந்தது.

நம் ஆட்கள் இருந்த லயத்து வீடு, அதாவது வரிசை வீடு, தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும் வரைதான் கூரை. பால்மரம் சீவி ஓய்வுபெறும் வயது வந்தால், பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். 1980களிலும் 90களிலும் சிலாங்கூர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, மூன்று தலைமுறை இருந்தவர்கள் ஏதோ ஒரு நஷ்டஈட்டோடு வெளியேறிப் புறம்போக்கில் பலகை வீடு கட்டினார்கள். அவர்கள் திருத்திய நிலம் பின்பு சதுர அடிக் கணக்கில் விலை போனது.

புள்ளிவிவரமும் இதையே காட்டுகிறது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் சீனருக்கு 394 வெள்ளி, இந்தியருக்கு 304 வெள்ளி, மலாய்க்காரருக்கு 172 வெள்ளி. 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வில் சீனருக்கு 9,895 ரிங்கிட், இந்தியருக்கு 8,216 ரிங்கிட் (வெள்ளி என்றாலும் ரிங்கிட் என்றாலும் ஒன்றுதான்). சீனக் குடும்பம் நூறு வெள்ளி ஈட்டியபோது 1970இல் நமக்கு 77; 2019இல் 83. அரை நூற்றாண்டில் அவ்வளவு நெருங்கியிருக்கிறோம். ஆனால் நிறுவனப் பங்கு உடைமையைப் பாருங்கள். 1970இல் சீனருக்கு 27.2 விழுக்காடு, இந்தியருக்கு 1.1. அரசாங்கத்தின் 2004 கணக்கில் சீனருக்கு 39, இந்தியருக்கு 1.2. சம்பளத்தை மட்டும் வைத்து நலத்தை அளந்தால், ஒரு மாதம் வேலை போனால் யார் தெருவுக்கு வருவார் என்பது தெரியாது.

நீங்கள் நேரில் கண்டதைச் சொல்லுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம்.

கிள்ளான் ஆசிரியை

ஐயா வீட்டைச் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன், அதுவும் முடிவில் நிலத்தில்தான் வந்து நிற்கிறது.

நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளி முன்பு தோட்டப்பள்ளி. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வேண்டும் என்று முதலாளிமாரைக் கட்டாயப்படுத்தியது. சட்டத்துக்குப் பயந்து கட்டிய பள்ளிகள் அவை, பிள்ளைகளை எங்கேயும் கொண்டு சேர்க்கக் கட்டியவை அல்ல. தோட்டம் போய்விட்டது, பள்ளி நின்றது, நிலம் மட்டும் இன்னும் கம்பெனி பேரில். இப்படிப்பட்ட பள்ளிகள்தான் பெரும்பாலும் அரசாங்கத்திடம் பகுதி உதவி மட்டுமே பெறும் பள்ளிகளாக இருக்கின்றன. ஒரு மண்டபம் கட்ட நினைத்தோம். பணத்துக்கு முன்னால் நிலக்காரரின் சம்மதம் தேவைப்பட்டது. அந்தக் கடிதத்துக்காகவே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் வேலையை விட்டுவிட்டு அலைந்தார்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் சீனப்பள்ளி. அவர்களும் மண்டபம் கட்டினார்கள், நன்கொடை விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மேசை மேசையாக விற்றிருந்தார்கள்: டயர் கடைக்காரர் ஒரு மேசை, பசாரில் மீன் விற்பவர்கள் சேர்ந்து ஒரு மேசை. பள்ளி வாசலில் பளிங்குக் கல்லில் கொடுத்தவர் பெயரும் தொகையும் செதுக்கப்பட்டிருந்தன. பெரிய தொகைக்குப் பெரிய எழுத்து, சிறிய தொகைக்குச் சிறிய எழுத்து, ஆனால் எந்தப் பெயரும் விடுபடவில்லை. நம் பெற்றோருக்குக் கொடுக்க மனமில்லை என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். மிகைநேர வேலைப் பணத்தைக் கசங்கிய நோட்டுகளாகக் கொண்டுவந்து என் கையில் வைத்தவர்களை எனக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் ஒரு நூறு வெள்ளியை எடுத்தால் அந்த மாதம் ஏதோ ஒரு பில் கட்டப்படாமல் நிற்கும். கடைக்காரருக்கு அந்த நெருக்கடி குறைவு.

சுதந்திரத்தின்போது எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம். சீன ஆரம்பப்பள்ளிகள் ஏறக்குறைய 1,300. அதற்கு மேலே ஏறக்குறைய அறுபது தனியார் சீன இடைநிலைப்பள்ளிகளை அந்தச் சமூகமே தாங்கி நடத்துகிறது. நம் பிள்ளை ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டுப் புதிய மொழிச் சூழலுக்குள் போகிறது. இடைநிலைப்பள்ளியின் தொடக்கத்தில் மொழி பழகுவதற்கான புகுமுக வகுப்பில் தடுமாறிப் படிப்பை விட்ட பழைய மாணவர்களை நான் பெட்ரோல் நிலையங்களில் பார்க்கிறேன். “டீச்சர்” என்று ஓடிவந்து வணங்குவார்கள். மனது தாங்காது.

பீடோர் பட்டறைக்காரன்

ஐயா, அக்கா, இருவர் சொன்னதையும் மறுக்கவில்லை. ஆனால் சீனர் என்றாலே பணக்காரர் என்று ஆகிவிடக் கூடாது. நான் வளர்ந்தது பேராக்கில், புதுக்கிராமத்துக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி பழைய ஈயச் சுரங்க மணலில் கீரையும் பயற்றங்காயும் போட்டார். பத்திரம் கிடையாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமம்தான். விடிவதற்கு முன்பே முதுகு வளைந்து நிற்பார். 1986இல் 24 கூட்டுறவு வைப்பு நிறுவனங்களை அரசாங்கம் முடக்கியபோது அவருடைய சேமிப்பும் உள்ளே மாட்டிக்கொண்டது. அன்று வாசலில் உட்கார்ந்து அவர் அழுதபோது என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தேற்றினார். நம் சமூகத்திலும் முதலீடு என்று நம்பிப் போட்டுப் பணத்தை இழந்தவர்கள் உண்டு, எங்கள் அப்பாவே அவர்களில் ஒருவர். அந்த வகையில் இரண்டு வீட்டுக்கும் வேறுபாடு இல்லை.

வேறுபாடு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பாட்டியின் இரண்டு பிள்ளைகள் ஜப்பானுக்குப் போனார்கள். சுற்றுலாப் பயணிகளாகப் போய் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பகுதிச் சீன இளைஞர்கள் பலர் அப்படிப் போனார்கள். விமான டிக்கெட்டுக்கு உறவினர்கள் பணம் திரட்டினார்கள். முன்னால் போன ஊர்க்காரர் ஒருவர் படுக்க இடமும் வேலையும் பார்த்து வைத்திருந்தார். அதே வயதில் என் அண்ணன் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே அவருக்கு ஒருவரையும் தெரியாது. ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணத்தை அடைக்கவே அவருடைய முதல் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் பட்டறை வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி. திட்டுவார், ஆனால் எஞ்சினைப் பிரிக்கும்போது என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். நான் தனிப் பட்டறை திறந்தபோது உதிரிபாக மொத்த வியாபாரி எனக்குக் கைப்பணத்துக்குத்தான் சரக்கு கொடுத்தார். அடுத்த கடைச் சீனருக்கு மூன்று மாதத் தவணை. அந்தத் தவணையில் அவர் சரக்கை விற்று, பணத்தை இன்னொரு முறை சுழற்றிவிடுவார். நான் வாடிக்கையாளரிடம் முன்பணம் கேட்டுக்கொண்டு நிற்பேன். என் பழைய தவுக்கேயே ஒரு நாள் தன் பில் புத்தகத்தில் என் பெயரில் சரக்கெடுத்துக் கொடுத்தார். அதன் பிறகே மொத்த வியாபாரியும் எனக்குத் தவணை எழுதத் தொடங்கினார். கடை முதலாளி என்று ஒருவரே இல்லாத தோட்டத்தில் வளர்ந்த பையனுக்கு இப்படி ஒரு கையெழுத்துப் போட யார் இருக்கிறார்? தோட்டத்தில் கங்காணி, கிராணி (கணக்கர்), துரை இருந்தார்கள். கடை வைக்கக் கற்றுக்கொடுப்பவர் இல்லை.

ஈப்போ வழக்கறிஞர்

சுருக்கமாக ஒன்று. இந்தியர் என்று ஒரே பெட்டியில் போடும்போது கணக்கு பிசகுகிறது. நான் யாழ்ப்பாணத்துக் குடும்பம். எங்கள் பாட்டனார் இரயில்வேயில் எழுத்தராக வந்தார், ஆங்கிலம் படித்துக்கொண்டு வந்தார். அவருக்கு அரசாங்கக் குடியிருப்பு, ஓய்வூதியம், பிள்ளைகளுக்குப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளி. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் சீனச் சுரங்க முதலாளிகளுக்கே கடன் கொடுத்திருக்கிறார்கள். நாட்டின் பெரும் பணக்காரர்கள் வரிசையில் சீனரான ராபர்ட் குவோக்கோடு தமிழரான ஆனந்த கிருஷ்ணனும் நின்றார். இவர்களையும் புறம்போக்கு வீட்டுக்காரரையும் கூட்டி வகுத்தால் வரும் 8,216 ரிங்கிட் யாருடைய வீட்டிலும் இருக்காது. அதே ஆய்வின் இடைநிலை வருமானத்தை, அதாவது வரிசையின் நட்டநடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தைப் பாருங்கள்: சீனருக்கு 7,391, இந்தியருக்கு 5,981.

ஷா ஆலம் வங்கிக்காரர்

வழக்கறிஞர் சொன்னது சரி, நானும் இடைநிலை எண்ணிலிருந்தே தொடங்கியிருக்கலாம். பீடோர்த் தம்பி, உங்கள் பில் புத்தகக் கதையை வங்கிப் பயிற்சி வகுப்புகளில் சொல்ல வேண்டும். நம் ஆட்களிடமும் கூட்டு முயற்சி இல்லாமல் இல்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். என் அம்மாச்சியின் பங்குப் பத்திரம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அப்படி இன்னும் நாலு முயற்சி நிலைத்திருந்தால் இன்றைய கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பட்டர்வொர்த் மகள்

எல்லோரும் இருந்தவர்களை ஒப்பிடுகிறீர்கள். நான் போனவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தாத்தாவிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டைதான் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே எந்த அலுவலகமும் பார்த்திராதவர். குடியுரிமைக்கு மனுப் போட எழுத்தறிவும் நேரமும் பணமும் வேண்டும். அதை அவருக்குச் சொல்லவே யாரும் இல்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானது. பெர்மிட் கிடைக்காமல் ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். அவர்களில் என் தாத்தாவின் தம்பி குடும்பமும் ஒன்று. சீனரிலும் குடியுரிமை இல்லாதவர்கள் இருந்தார்கள். ஆனால் சொந்தக் கடையிலோ உறவினர் தொழிலிலோ இருந்தவருக்குச் சமாளிக்க வழி இருந்தது. தோட்டக் கூலிக்குப் பெர்மிட் போனால் அதே நாளில் வேலையும் வீடும் போனது.

தாத்தா எப்படியோ தங்கிவிட்டார். என் அம்மா பினாங்கின் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார். 1972இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கிடைத்த முதல் மூச்சு. அங்கே சீனப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் மலாய்ப் பெண்களும் ஒரே நுண்ணோக்கியின் முன்னால், ஒரே சம்பளத்துக்கு உட்கார்ந்தார்கள். அம்மாவின் சீனத் தோழி சம்பளத்தில் பாதியைச் சேமித்தார். அவருக்கு அப்பா வீடு இருந்தது. அம்மாவின் சம்பளத்தில் வாடகை, தாத்தாவின் மருந்து, தம்பிமார் படிப்பு எல்லாம் போக மிஞ்சியது கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட சேமநிதி மட்டுமே. பல வருடங்கள் கழித்து அந்தச் சேமநிதியில் கை வைத்துத்தான் 42,000 வெள்ளி மலிவு விலை வீடு ஒன்றை வாங்கினார். அந்தத் தோழி அதற்கு வெகு காலம் முன்பே இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். இருவரும் இன்றும் நல்ல சிநேகிதிகள், ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகாமல் இருந்ததில்லை.

தாத்தாவின் தம்பி பிள்ளைகளை நான் புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பார்த்தேன். அவர்கள் பிறந்த நாட்டின் எந்த வருமான ஆய்விலும் அவர்கள் இல்லை. நம் சமூகத்தின் மிக ஏழ்மையான பகுதி கணக்கிலிருந்தே வெளியேற்றப்பட்ட பிறகு எடுத்த எண்தான் அந்த 83. அவர்களையும் சேர்த்துக் கூட்டினால் எத்தனை வரும் என்று யாராவது ஆய்வு செய்தால், எங்கள் குடும்பத்தின் பழைய பெர்மிட் தாள்களையும் கடிதங்களையும் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன்.