வரன் பார்க்கையில் பிள்ளைகள் 'வேண்டாம்' சொல்ல எங்கே இடம் இருக்கு?

தக்கலையிலிருந்து:
பெண்ணு பார்க்க வர்ற அன்னைக்குச் சம்மதம் கேட்டா பிந்திப்போச்சு. சாயாவும் நேந்திரம் சிப்ஸும் வந்து, பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிற நடுவீட்டில எந்தப் பொண்ணு 'பிடிக்கலை'ன்னு சொல்லும்? இப்போ பல வீட்டில போட்டோ, ஜாதகம் பார்த்ததும் நம்பர் கொடுத்து ஒரு வாரம் பேசவிடுறாங்க. அதுதான் சரி. அந்த வாரத்தில கேட்கவேண்டியது சம்பளம் இல்லை. குடியிருப்பு எங்கே, பொண்ணு வேலையை விடணுமா, பையன் வளைகுடான்னா பேமிலி விசா கிடைக்குமா. கடைசிக் கேள்வியைத் தரகர் மழுப்புவார், விடாதீங்க. பவுன் கணக்கு பேச ஆரம்பிச்சுட்டா அப்புறம் பிள்ளைங்க குரல் எடுபடாது.

தோவாளையிலிருந்து:
ஜாதகம் சேரலைன்னு தட்டிப்போற பலதில கோளாறு பிறந்த குறிப்பிலதான். நம்ம குமரி மாவட்டத்துப் பக்கம் அதில கொல்லம் ஆண்டு, அதாவது ஆவணியில பிறக்கிற மலையாள வருஷம், போட்டிருக்கும். 1170 ஆவணின்னா 1994, அதே 1170 தைன்னா 1995. ஆவணி பிறந்து டிசம்பர் முடிய 824 கூட்டணும், ஜனவரி முதல் 825. ராத்திரி 2 மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டில ஒரு தேதி, பஞ்சாங்கத்தில முந்தின நாள். பஞ்சாங்கக் கணக்கு ரண்டு விதம், ஒருத்தருக்கு வாக்கியம், இன்னொருத்தருக்குத் திருக்கணிதம்னு கணிச்சிருந்தா, நட்சத்திரம் மாறுற நேரத்துப் பிறப்புக்கு நட்சத்திரமே வேறயாகலாம். ரண்டு பேருக்கும் ஒரே முறையில கணிக்கச் சொல்லுங்க. ரண்டு பேர் நட்சத்திரமும் ஒரே ரஜ்ஜுவில (பொருத்தம் பார்க்கிற நட்சத்திரப் பிரிவு) வரக்கூடாதுன்னு நிக்கிறவங்க, மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூணும் சிரசு ரஜ்ஜுங்கறதால பையன் சித்திரை, பொண்ணு அவிட்டம்னா அதோட நிறுத்திருவாங்க.

ஒண்ணு சொல்லணும், பிடிக்காத வரனை மரியாதையாத் திருப்பி அனுப்ப 'ஜாதகம் சேரலை'யை விட நல்ல சாக்கு கிடையாது. அம்மா காதில மட்டும் போட்டா போதும், யார் மனசும் நோகாது.

குளச்சல் பக்கத்திலிருந்து:
எங்க கத்தோலிக்கப் பங்குகளில (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட சபை) வேற வழி. ஓலை வாசிக்கிறதுக்கு, அதாவது சர்ச்சில கல்யாண அறிவிப்பு வாசிக்கிறதுக்கு, முன்னால பங்குச் சாமியார் (பாதிரியார்) பையனையும் பொண்ணையும் தனித்தனியா உட்கார வச்சு, யாராவது வற்புறுத்தினாங்களான்னு கேட்டுக் கையெழுத்து வாங்குவார். அப்பா அம்மா வெளியில. வற்புறுத்திக் கட்டிவச்ச மணம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது, அதனால அங்க 'இல்லை'ன்னு சொன்னா மேல நடக்காது. என்ன பிரச்சினைன்னா, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் அட்வான்ஸ் கொடுத்துட்டுத்தான் அந்த அறைக்குள்ள அனுப்புறாங்க, பிள்ளை வாய் திறக்காது. மண்டபம் பேசுறதுக்கு முன்னாலயே சாமியாரைப் பார்த்திருங்க.

லீவில வர்ற பையன்னா கணக்குப் பாருங்க. ரண்டு பங்கிலயும் மூணு ஞாயிறு ஓலைன்னாலே 14 நாள், அதோட திருமணத் தயாரிப்பு வகுப்பு வேற. திருமுழுக்குச் சான்றிதழை ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததாக் கேட்பாங்க. அதில ஒரு பேர், ஆதாரில ஒரு பேருன்னா திருத்த அலையணும்.

தோவாளையிலிருந்து:
மாமன் மகள், அத்தை மகன்னா உங்க பக்கம் எப்படி? எங்களுக்கு வழக்கத்தில உண்டு, இந்து திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தா ஏத்துக்குது.

குளச்சல் பக்கத்திலிருந்து:
எங்களுக்கு அதுக்கு ஆயரோட (பிஷப்) விலக்கு அனுமதி வேணும். பங்குச் சாமியார் வழியா எழுதிக் கேட்கணும், அது கையில வராம தேதி குறிக்காதீங்க.