சிதைந்த எழுத்துகளின் வாசிப்பைக் கருத்தரங்கில் முன்வைக்கலாமா?

கேள்வி (ஆய்வு மாணவி):
வணக்கம். எங்கள் வட்டாரத்தில், வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து வடிவில் பொறித்த நடுகல் ஒன்றைப் பற்றி, அடுத்த மாதம் ஒரு வரலாற்றுக் கருத்தரங்கில் முதன்முறையாகக் கட்டுரை வாசிக்க இருக்கிறேன். மூன்றாம் வரியில், வீரனின் பெயருக்கு முன்னால், இரண்டு எழுத்துகள் சிதைந்திருப்பதால் என் வாசிப்பு உறுதிப்படவில்லை. அந்த இடத்தைத் தவிர்த்துவிடுவதா, ஐயத்தோடு அவையில் வைப்பதா?

பதில் 1 (ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்):
தயங்காமல் வையுங்கள், அம்மா. தமிழ்ப் பிராமி என்றும் சொல்லப்படும் மிகப் பழைய தமிழி எழுத்துகளைப் பற்றிய நம் அறிவே மாநாட்டுக் கட்டுரைகளின் வழியாகத்தான் படிப்படியாகத் தெளிந்தது. அந்த எழுத்தில் அமைந்த பாண்டிநாட்டுக் குகைத்தளக் கல்வெட்டுகளைப் பற்றி எச். கிருஷ்ண சாஸ்திரி 1919-இல் புனேயில் கூடிய முதல் அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கட்டுரை அளித்தபோது, அவற்றின் மொழி எது என்பது தெளிவாகியிருக்கவில்லை. 1924-இல் சென்னையில் கூடிய மூன்றாம் மாநாட்டில்தான் கே. வி. சுப்பிரமணிய ஐயர், ழ, ற, ன போன்ற தமிழுக்குரிய எழுத்துகள் அவற்றில் இருப்பதை அடையாளம் கண்டு, அவை தமிழ்க் கல்வெட்டுகளே என்று காட்டினார். ஐராவதம் மகாதேவன் 1966-இல் சென்னைக் கல்வெட்டுக் கருத்தரங்கில் இக்கல்வெட்டுகளின் தொகுப்பை அளித்தார். பின்னர் மீண்டும் களஆய்வு செய்து, 2003-இல் வெளிவந்த நூலில் தம்முடைய பழைய வாசிப்புகள் பலவற்றைத் தாமே திருத்தினார். முடிந்த முடிவோடுதான் மேடையேற வேண்டும் என்று இவர்கள் காத்திருந்தால், நமக்குத்தான் இழப்பு.

பதில் 2 (கல்வெட்டாய்வாளர்):
ஐயா சொல்வதை ஏற்கிறேன்; ஆனால் பெரிய மாநாடுகளில் பல அமர்வுகள் ஒரே நேரத்தில் நடப்பதால், வட்டெழுத்து படிக்கத் தெரிந்தவர் உங்கள் அமர்வில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே மைப்படியை (எழுத்துகளின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படியை) இப்போதே இருவருக்காவது காட்டிவிடுங்கள். மேடையில் மைப்படியையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த ஒளிப்படத்தையும் அருகருகே காட்டி, ஐயத்திற்குரிய எழுத்துகளைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். மிக முக்கியமாக, கட்டுரையின் வாதம் அந்த இரண்டு எழுத்துகளின் மேல் நிற்கக் கூடாது. இப்படிச் சிதைந்த எழுத்துகளை ஊர்ப்பெயராகப் படித்து, அதைக்கொண்டு ‘நாடு’ என்னும் பழைய நிலப்பிரிவு ஒன்றின் எல்லையையே வரையறுக்கும் கட்டுரைகளைக் கேட்டிருக்கிறேன். எழுத்து மாறினால் அந்த எல்லையும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. என் வரைவில் அந்த எழுத்துகளை ஊர்ப்பெயராகவே கொண்டிருந்தேன். அதைத் தனிக் குறிப்பாகப் பிரித்து, தொறுப் பூசலை (ஆநிரைக்காக நடந்த சண்டையை) பற்றிய பகுதியை எஞ்சிய வரிகளைக் கொண்டே எழுதுகிறேன். காலை வெயில் கல்லின் மேல் சாய்வாக விழும் வேளையில் மீண்டும் படமெடுத்து, மைப்படியோடு இங்கேயே பதிவிடுகிறேன்.