கரை தெரியாத நேரத்தில் கடவுளை நம்பியது: உங்கள் அனுபவம் என்ன?

சின்னத்துறைப் பெண்:

போன வாரம் எங்கள் ஜெபக்கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "உங்க அண்ணன் ஒக்கிப் புயல்ல தப்பி வந்ததைச் சொல்லுங்க" என்றார்கள். எழுந்து நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே வாயில் வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

2017 நவம்பரில் அண்ணன் கொச்சியிலிருந்து தங்கலுக்கு, அதாவது கடலிலேயே நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்க, போயிருந்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் 10 நாள், 20 நாள், சில சமயம் ஒரு மாதம்கூட ஆகும். சுறா, சூரை என்று தூண்டில் போட்டுக்கொண்டு கரையை விட்டு வெகுதூரம் தள்ளி நிற்பார்கள். 29-ஆம் தேதி வெறும் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் அது புயல். கரையில் இருப்பவனுக்கு மைக் வைத்துச் சொல்லலாம். அவ்வளவு தூரத்தில் நிற்பவனுக்கு யார் சொல்வது? வயர்லெஸ் அங்கே எட்டாது. சாட்டிலைட் போன் அப்போது எங்கள் போட்டுகளில் அநேகமாக யாரிடமும் இல்லை.

ஊரில் ரப்பர், வாழை, மின்கம்பம் எல்லாம் முறிந்து கிடந்தது. கரண்ட் இல்லை. கோயிலில் ஜெனரேட்டர் ஓடியது, அதில் ஊர் முழுக்க போனைச் சார்ஜ் போட்டது. பங்குச் சாமியார் ஒரு நோட்டில் போட்டின் பெயர், ஆள் பெயர், எந்தத் துறைமுகத்திலிருந்து போனது என்று எழுதிக்கொண்டே இருந்தார். யாராவது போன் செய்தால் அந்தப் பெயருக்கு நேராக ஒரு டிக். அம்மா மாதா சுரூபத்துக்கு முன்னால் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. அந்த நோட்டைத்தான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் எனக்கு மாதாவை விட நோட்டின் மேல்தான் நம்பிக்கை.

எங்கள் அடுத்த வீட்டு மைனியும், எனக்கு அண்ணி முறை, என்னோடுதான் வந்து பார்ப்பாள். அவள் புருஷன் வேறொரு போட்டில் போயிருந்தான். எங்கள் வீட்டிலேயே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நவநாள் ஜெபம் சொன்னோம்.

டிசம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரா பக்கமிருந்து ஒரு தெரியாத நம்பரில் அழைப்பு. அண்ணன். காற்று அவர்களை வடக்கே தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. ஐஸ், பிடித்த மீன், எல்லாவற்றையும் கடலில் கொட்டிவிட்டு, போட்டின் தலையை அலைக்கு நேராக வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி நின்றிருக்கிறார்கள். வந்த பிறகு அம்மா கேட்டாள், "ஜெபிச்சியாடா?" அவன் சிரித்தான். "எங்க நேரம்? தண்ணி இறைக்கவே கை காணல. ஜெபத்தை நீங்க பாத்துக்கிட்டீங்க, பம்பை நாங்க பாத்துக்கிட்டோம்."

மைனியின் புருஷன் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்தோமே, இன்னும் தூரம் போய்த் தேடுங்கள் என்று, அன்று ராத்திரி மைனி என் காதில் சொன்னாள்: "உங்க அண்ணனுக்குச் சொன்ன அதே மாதாகிட்டதான நானும் சொன்னேன்."

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. கூட்டத்தில் "என் ஜெபம் கேட்கப்பட்டது" என்று நான் சொன்னால், அவள் ஜெபம் கேட்கப்படவில்லை என்றுதானே அர்த்தமாகும்? படகில் இயேசு தூங்கிக்கொண்டிருந்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். அன்று அந்த ஏரியில் வேறு படகுகளும் இருந்தன என்று மாற்கு சொல்கிறார். அதைப் பற்றி ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை.

ஒரு பதில்:

தேவனுக்கு ஸ்தோத்திரம்! உங்கள் அண்ணனைக் காத்தவர் பெரியவர். சகோதரியும் சோர்ந்துபோக வேண்டாம், விசுவாசம் குறைந்தால்தான் இப்படிக் கேள்வி வரும். ஜெபிக்கிறோம்.

சின்னத்துறைப் பெண்:

நன்றி, பிரதர். மைனிக்கு என்னை விட விசுவாசம் அதிகம் என்பதுதான் என் பிரச்சினையே.

பாளையங்கோட்டை அம்மா:

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் துணி மடிக்கிறதை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகன் 28 வாரத்தில் பிறந்தான். 980 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி அளவு. எனக்கு ஜெபிக்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வேறு. முதல் நாள் "ஆண்டவரே, இவனைப் பெரிய ஆளாக்கும், உமக்கு ஊழியம் செய்ய விடுகிறேன்" என்று பெரிய பேரமெல்லாம் பேசினேன். மூன்றாம் நாள் இரவு அவனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. நர்ஸ் உள்ளங்காலில் சுண்டுவார், திரும்ப மூச்சு விடுவான். அதற்குப் பிறகு என் ஜெபம் சுருங்கிப்போனது. "இந்த ஷிப்ட் முடியட்டும்." அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்தால் அடுத்த ஷிப்ட்.

இரண்டு வாரம் கழித்து நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளக் கொடுத்தார்கள், கங்காரு மாதிரி. குழாய் வழியாக 2 மில்லி பால். மறுநாள் எடையில் 10 கிராம் ஏறினால் எங்களுக்குத் தீபாவளி. ஏறாவிட்டால் என் வீட்டுக்காரர் கேன்டீனுக்குப் போய் ரொம்ப நேரம் திரும்பி வரமாட்டார்.

54 நாள். இப்போது நாலாம் வகுப்பு, கணக்குக்குத்தான் ஜெபிக்கிறோம். ஆனால் பக்கத்துப் பெட்டியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. 41-ஆம் நாள் அந்தப் பெட்டி காலியாக இருந்தது. அந்தத் தாயை லிப்ட் பக்கத்தில் பார்த்தும் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நானும் இதை எங்கேயும் சாட்சியாகச் சொன்னதில்லை.

பண்ருட்டிக்காரன்:

அக்கா, நான் கிறிஸ்தவன் இல்லை. எங்களுக்கு அய்யனார். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். சரி, எழுதிவிடுகிறேன்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். முந்திரியும் பலாவும்தான் எங்களுக்குச் சோறு. தாத்தா வைத்த பலா மரங்கள் எல்லாம் வேரோடு படுத்துவிட்டன. காலையில் தோப்புக்குள் வெளிச்சம் அதிகமாக இருந்தது, அதுதான் முதலில் உறைத்தது. அங்கே வெயில் விழுந்து நான் பார்த்ததே இல்லை. விறகு வியாபாரி அன்றைக்கே வந்துவிட்டான், அடிமாட்டு விலைக்கு.

அப்பாவுக்கு அப்போது 63. விதை போட்டுப் பலா காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். தை பிறந்ததும் அய்யனாருக்குப் பொங்கல் வைத்துவிட்டு விதை ஊன்றக் கிளம்பினார். எனக்குக் கோபம். "சாமி காப்பாத்தி இருந்தா விதை எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். "நான் காப்பாத்துன்னு கேக்கலடா, கூட இருன்னுதான் கேட்டேன்" என்றார். அப்புறம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. வேலைதான். கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். நான் ஒரு வருஷம் உதவவே இல்லை, திருப்பூருக்குப் போய்விட்டேன்.

சின்னத்துறைப் பெண்:

மூன்று நாளாக இதற்குள் வரவில்லை, மன்னிக்கவும். மைனியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முதலில் "எம்பேரு போட்டிருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் இறந்தவர் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்போம். மைனி வருஷா வருஷம் தன் மாமனார், மாமியார் பெயரைக் கொடுப்பாள், புருஷன் பெயரைக் கொடுக்கமாட்டாள். அரசாங்கத்தின் நிவாரணப் பணத்தை வாங்கினாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். பெயரை மட்டும் கொடுக்கவில்லை. நானும் கேட்டதில்லை. போன வருஷம் அவளே ஒரு துண்டுத் தாளை என் கையில் கொடுத்து, "நீ குடுத்துரு, எனக்குக் கை வரல" என்றாள். திருப்பலி முடிந்து மற்றவர்கள் கல்லறைக்குப் போக, நாங்கள் இரண்டு பேரும் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்லில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் நிற்கவே இல்லை. பத்துப் பன்னிரண்டு தடவை பற்றவைத்திருப்பாள். "பரவால்ல, அவருக்குத் தெரியும்" என்றாள். அவர் என்று சொன்னது புருஷனையா கடவுளையா என்று எனக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டை அக்கா, அந்தத் தாயைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதைச் சொன்னீர்களே, அதைப் படித்ததும் மைனி, "அந்தப் பொண்ணு அதைக் கவனிச்சிருக்கவே மாட்டா, சொல்லு" என்றாள்.

பண்ருட்டித் தம்பிக்கும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அந்தப் பலா காய்த்ததா?

பண்ருட்டிக்காரன்:

காய்த்தது என்று சொல்லுங்கள், அக்கா. 2019-ல் முதல் காய், வேரடியில் ஒன்றே ஒன்று. அப்பா அறுக்க விடவில்லை. மரத்திலேயே பழுத்து வெடித்து, பாதியை அணில் தின்றது.