ஆர்கேட் பெட்டி: மின்னல் குறி ஒழிந்தது (புதுப்பிப்பு)

ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினிப் பலகையை வைத்துச் செய்யும் ஆர்கேட் பெட்டியில் (பழைய வீடியோ கேம் பெட்டி), விளையாடும்போதே திரையில் மின்னல் குறி வந்து ஆட்டம் மந்தமாகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். தப்பு என்னுடையதுதான். பழைய போன் சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பலகைக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறி வந்துவிடும், வேகமும் குறையும். சரியான அடாப்டர் போட்டதும் குறி காணோம்.

அப்புறம் ராயபுரத்து உப்புக் காற்று! பட்டன்களின் சுவிட்ச் முனைகள் இரண்டே மாதத்தில் பச்சை பூத்துவிட்டன. சுரண்டித் துடைத்து மறுபடி பற்றவைத்தேன்.

பாக்மேன் 1980-இல் வந்த நான்கு திசை ஆட்டம். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் திருப்பங்கள் தவறின. கைப்பிடி எந்தத் திசைகளில் போகலாம் என்று கட்டுப்படுத்தும், அடியிலுள்ள தடுப்புத் தகட்டை நான்கு திசைக்குத் திருப்பி மாட்டியதும் சரியானது. பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை.