ஆடியுருப் பின்னம்: ஒரு கலைச்சொல் பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒன்றுக்கொன்று ஆடி பிம்பங்களான இரண்டு மூலக்கூறு வடிவங்களில் ஒன்று, இரண்டின் மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லும் எண்ணை ஆங்கிலத்தில் enantiomeric fraction என்பார்கள். அதற்கு முன் மடலில் வந்த ‘சீர்மையற்ற மாற்றிய விகிதம்’ எனக்குச் சரியாகப் படவில்லை. அதன் இரண்டு பாதியுமே இடிக்கின்றன.

முதலில் ‘சீர்மையற்ற’. நாம் பேசும் எச்பிசிடி தீத்தடுப்பியையே பாருங்கள். முழுப்பெயர் எக்சாபுரோமோசைக்ளோடோடெக்கேன், பாலிஸ்டைரீன் நுரைப் பலகைகளில் சேர்க்கப்பட்டது, 2013-இல் நிலைத்த கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. வணிகப் பொருளில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று மாற்றியங்கள் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) முக்கியம். ஒவ்வொன்றும் ஆடி பிம்பங்களான ஓர் இணை. இவற்றில் ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் இருமடிச் சுழற்சி அச்சு உண்டு, அதாவது அரைச்சுற்று திருப்பினால் அதே உருவம் வரும். சீர்மை இருக்கிறது, ஆனாலும் தன் பிம்பத்தோடு பொருந்தாது. இவற்றைப் போய்ச் சீர்மையற்றவை என்றால் மாணவர் தவறாகவே கற்பார். இணையில் உள்ள ஒவ்வொன்றையும் ‘ஆடியுரு’ என்போம். குழியாடி, குவியாடி படித்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

அடுத்தது ‘விகிதம்’. இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முனைவாக்கிய ஒளியை வலப்புறம் திருப்பும் ஆடியுரு வலஞ்சுழி, இடப்புறம் திருப்புவது இடஞ்சுழி. வலஞ்சுழி அளவை இடஞ்சுழி அளவால் வகுப்பது விகிதம். அது 0 முதல் முடிவிலி வரை ஓடும். ஒரு மாதிரியில் வலஞ்சுழி இருமடங்கு என்றால் 2, இடஞ்சுழி இருமடங்கு என்றால் 0.5. விலகல் ஒரே அளவு, எண்கள் அப்படித் தெரிவதில்லை. வலஞ்சுழியை மொத்தத்தால் வகுத்தால் 0.667, 0.333, நடுப்புள்ளி 0.5-க்கு இருபுறமும் சம தூரம். இரண்டு அளவுகளும் ஆய்வுகளில் புழங்குவதால் இரண்டுக்கும் தனிப்பெயர் தேவை. ‘மோல் பின்னம்’ ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது, அதே வழியில் ‘ஆடியுருப் பின்னம்’.

இந்த எண் ஏன் முக்கியம்? ஆவியாதல், கரைதல், படிதல் ஆகியவை இரண்டு ஆடியுருக்களையும் ஒன்றுபோலவே நடத்தும். நொதிகள் அப்படியல்ல. மீனில் பின்னம் 0.5-ஐ விட்டு விலகினால் உயிரினம் எதுவோ ஒன்றை விரும்பிச் சிதைத்திருக்கிறது, அல்லது தேர்ந்து சேர்த்திருக்கிறது என்று ஐயப்படலாம். ஆனால் ஐயம் மட்டும்தான். எச்பிசிடி சுமார் 160 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒரு மாற்றியத்திலிருந்து இன்னொன்றாக மாறிவிடும். அதனால் பொருளைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு வண்ணப்பிரிகை உதவாது. ஆடியுருக்களைப் பிரித்தறியும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் பூசிய தூணில் திரவ வண்ணப்பிரிகை செய்து, நிறை நிறமாலைமானியில் அளக்கிறார்கள். அங்கும் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளிவருவதால், கூடவே வரும் கொழுப்பும் பிறவும் ஒன்றின் சைகையை மட்டும் அமுக்கிவிடக்கூடும். ஐசோடோப்பு அடையாளமிட்ட உள்தரம் (ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் அதே பொருள்) சேர்க்காத அளவீட்டை நான் நம்ப மாட்டேன்.

flame retardant என்பதற்குத் ‘தீயணைப்பான்’ வேண்டாம். இது தீயை அணைப்பதில்லை, பற்றுவதையும் பரவுவதையும் தாமதப்படுத்துகிறது. தீத்தடுப்பியே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கேள்வி. சுழற்சித் திசை தெரியாதபோது, தூணிலிருந்து முதலில் வருவதை மொத்தத்தால் வகுக்கிறார்கள். அதற்கு ‘முன்வரவுப் பின்னம்’ எனலாமா? சுருக்கமாக வேறு தோன்றினால் எழுதுங்கள்.