புதுப்பிப்பு: பிள்ளைகளோடு ஹோட்டலுக்குப் போனோம்

கொரோனா ஊரடங்கைத் தளர்த்தி, 2021 ஜூலை 5 முதல் 50 சதவீத இருக்கைகளோடு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று தமிழக அரசு அறிவித்ததும், 3 வயது, 6 வயதுப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நேற்று போனோம். முதலில் நுழைந்த இடத்தில் ஏசி ஹால், ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. ஒரு மேஜை விட்டு ஒரு மேஜைதான் ஆள் இருந்தார்கள், ஆனால் காற்று ஒன்றுதானே? திரும்பிவிட்டோம். பெரியவள் அழுதுவிட்டாள், எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்புறம் வேப்பமரத்தடியில் மேஜை போட்டிருந்த ஒரு சின்னக் கடை. மாலை 4 மணி, எங்களைத் தவிர யாருமில்லை. சின்னவன் நெய் ரோஸ்ட்டின் கூம்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். ஒன்றரை வருஷமாக அவன் ஹோட்டலையே பார்த்ததில்லை. அரைமணி நேரத்தில் கிளம்பிவிட்டோம்.

இந்த 2021 ஜூலையில் பிள்ளைகளுக்கு இன்னும் கொரோனா தடுப்பூசி வரவில்லை. வீட்டில் அத்தைக்குக் கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டாம் டோஸ் ஆகஸ்ட்டில்தான். அதுவரை திறந்தவெளி, கூட்டமில்லாத நேரம் மட்டும். மற்ற நாளெல்லாம் பார்சல்தான்.